டேங்க்ல என்ன ஊத்தினீங்க?

— மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீங்க. சாவியைக் குடுங்க.

— என்னாச்சு? இப்பதான் உள்ளயே வந்தேன்.

— வாசல் சரிவுல ஏறும்போது ஒரு சத்தம் கேட்டுச்சு.

— உன் ஒர்க் ஷாப்புல சத்தம் கேக்கலைன்னாதான் ஆச்சரியம்.

— டப்பால கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி... ரெண்டு செகண்ட். உங்களுக்குக் கேக்கலையா?

— ரேடியோ ஓடிட்டிருந்துச்சு.

— ரேடியோவை வெயிட் குறைக்கணும்னு நான் போன மாசமே கழட்டிட்டேன்.

— ...பாடிட்டு வந்தேன்.

— அப்ப எஞ்சின் பயந்துதான் கத்தியிருக்கும். பானெட்டைத் தூக்குங்க.

— மெக்கானிக்கைக் கட்டிக்கிட்டா இதுதான். ஆபீஸ் விட்டு வந்தா, அடுத்தவன் வீட்டுலயெல்லாம் பொண்டாட்டி சாப்பிட்டீங்களான்னு கேப்பா.

— சாப்பிட்டீங்களா?

— இல்ல.

— நானும் இல்ல. அந்த லைட்டைப் புடிங்க... இன்னும் கொஞ்சம் கீழ.

— என்ன தேடற?

— சூடு ஜாஸ்தியான்னு... இல்ல, சரியாத்தான் இருக்கு. செட்டிங் சுவிட்ச் எதுல வச்சு ஓட்டினீங்க?

— ரெண்டுல. நீதானே காலைல சொன்ன, நாளைக்கு ரேஸ் டிராக்குக்குப் போகணும், இன்னைக்கே ரெண்டுல வச்சு ஓட்டுங்கன்னு.

— ஒண்ணு பங்க் பெட்ரோலுக்குப் போட்ட செட்டிங். ரெண்டு ரேஸ் பெட்ரோலுக்கு. தெரியுமில்ல?

— சின்னப் பையனுக்குச் சொல்ற மாதிரி சொல்லு.

— சின்னப் பையனா இருந்தா ஒரு தடவை சொன்னாப் போதும். டேங்க்ல என்ன ஊத்தினீங்க?

— ரேஸ் பெட்ரோல்தான். நீ குடுத்த கேன்லேர்ந்து.

— எந்தக் கேன்?

— அந்த... வெள்ளை மூடி.

— மூடி சரியா மூடியிருந்துச்சா? திறந்து கிடந்தா அதுல இருக்கற சத்தெல்லாம் பறந்துடும்.

— இறுக்கமாத்தான் இருந்துச்சு. திறக்கறதுக்குள்ள கை சிவந்து போச்சு.

— ஒருவேளை கடைக்காரன் ஈயம் கலந்ததை மாத்திக் குடுத்துட்டானோ...

— ஈயம் கலந்ததுதான் வேணாம்னு சொல்லிட்டியே. சைலன்சர் பக்கம் இருக்கற சென்சார் செத்துடும், தினம் ரோட்டுல ஓட்டற வண்டிக்கு ஆகாதுன்னு.

— பரவாயில்லையே, காதுல ஏறியிருக்கு. ஆல்கஹால் கலந்தது?

— அதுக்கு பம்ப், நாசில் எல்லாம் பெருசு பண்ணணும், வண்டி தொட்டி தொட்டியா குடிக்கும்னு சொன்ன. இன்னும் என்ன ஒப்பிக்கணும்?

— சரி. அப்ப இதுல இருக்கறது நாம தேர்ந்தெடுத்து வாங்கினதேதான்.

— அதேதான்.

— அந்த ஹோஸை எடுங்க.

— எதுக்கு?

— கொஞ்சம் எடுத்துப் பாக்கறேன். கண்ணாடி பாட்டில் ஜன்னல்கிட்ட இருக்கு பாருங்க.

— முதல்ல சாப்பிடலாமே...

— ரேஸ் பெட்ரோல் நீலமா இருக்கும்.

— வெளிச்சம் கம்மியா இருக்கு இங்க.

— வாசல்ல போய்ப் பாக்கலாம், வாங்க.

— ...இரு. ஹோஸை வை.

— வச்சுட்டேன்.

— பங்க் பெட்ரோல்தான் ஊத்தியிருக்கேன்.

— எப்பலேர்ந்து?

— டிராக்குக்கு முதல் தடவை போயிட்டு வந்ததுலேர்ந்து.

— அதுக்கப்புறம் ரெண்டு தடவை போயிருக்கோமே.

— ரெண்டு தடவையும் பங்க் பெட்ரோல்தான்.

— கேனெல்லாம் காலியா இருந்துச்சே. குடிச்சிட்டீங்களா?

— ஆபீஸ் ஜெனரேட்டருக்கு ஊத்திட்டேன்.

— ரேஸ் பெட்ரோலை?

— ஃபேன் ஓடணுமில்ல.

— உங்க மேனேஜர் தலைல மிச்சமிருக்கற முடியும் பறந்திருக்கும்.

— சிரிக்காத. நான் சொல்றதே கஷ்டப்பட்டு.

— சிரிக்கல. சொல்லுங்க. ஏன்?

— ...பயமா இருந்துச்சு.

— ம்.

— அந்த நீளமான ரோடு முடிஞ்சு ஒரு வளைவு வருமே... முதல் தடவை அங்க போனப்ப வண்டி என் கைல இல்ல. கால் நடுங்குச்சு. திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழட்டக்கூட முடியல. நீ ஓடி வந்து, எப்படியிருக்குன்னு கேட்ட. மூஞ்சியெல்லாம் கிரீஸ், பல்லு மட்டும் தெரியுது. நான் சூப்பர்னு சொல்லிட்டேன்.

— பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்.

— எப்படிச் சொல்றது? வர்ற போறவங்ககிட்டயெல்லாம் எங்க வீட்டுக்காரர்தான் ஓட்டறார்னு சொல்லி வச்சிருக்க. வண்டியோட பாதி எஞ்சினை நீயே பிரிச்சுக் கட்டியிருக்க. அதுல உக்காந்துகிட்டு பயமா இருக்குங்கறதா?

— அதுக்காக பங்க் பெட்ரோலா?

— ஒசத்தி பெட்ரோல்னா வேகம். சாதா பெட்ரோல்னா கொஞ்சம் அடங்கிப் போகும்னு நினைச்சேன். அதே மாதிரி அடங்கவும் செஞ்சுது. என் கணக்கு சரியாத்தானே இருந்துச்சு?

— இல்லங்க. ரேஸ் பெட்ரோல்ல வேகமே கிடையாது. பொறுமைதான் இருக்கு. எவ்வளவு அழுத்தினாலும் ஸ்பார்க் வர்ற வரைக்கும் பத்திக்காது. அதை நம்பித்தான் ரெண்டாவது செட்டிங்ல எஞ்சினை அவ்வளவு அழுத்தறேன். அந்த செட்டிங்ல பங்க் பெட்ரோலை ஊத்தினா அதுக்குப் பொறுமை கிடையாது. முந்திக்கிட்டுப் பத்திக்கும். பிஸ்டன் மேல சுத்தியலால அடிக்கற மாதிரி. நீங்க ஏறி வரும்போது கேட்டுச்சே, அதுதான்.

— அடிச்சா?

— பிஸ்டன்ல ஓட்டை விழும். அந்த வளைவுகிட்ட விழுந்துச்சுன்னா ஆயிலெல்லாம் உங்க டயருக்கு அடியிலயே கொட்டும்.

— ஐயோ, அந்த வளைவுலயா?

— உக்காருங்க. அந்த டயர் மேல உக்காருங்க.

— நாளைக்கு யாரோ வர்றாருன்னு சொன்னியே. மூணு ரேஸ் வண்டி வச்சிருக்கறவர்.

— நம்ம வண்டி ஓடறதைப் பாக்க வர்றார். புடிச்சுப்போச்சுன்னா மூணும் இந்த ஷெட்டுக்கு வரும். புடிக்கலைன்னா நான் ஆயில் மாத்திக்கிட்டே கிடக்கணும்.

— எஞ்சின் போச்சா?

— இருங்க, ஒண்ணு கேக்கணும். இன்னைக்கு வர்ற வழியில எங்கயாவது நல்லா மிதிச்சீங்களா?

— நானா? ஒரு லாரி பின்னாலயே வந்தேன். தாண்டவே இல்ல.

— சரிவுல மட்டும்?

— அங்கதான் கொஞ்சம் மிதிச்சேன். நீ பாத்துட்டு நின்ன.

— அப்ப தப்பிச்சுது. டேங்க்கைக் காலி பண்ணிட்டு, புதுக் கேன்லேர்ந்து ரேஸ் பெட்ரோல் ஊத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பாத்துக்கறேன். உங்க பயம் இன்னைக்கு எஞ்சினைக் காப்பாத்தியிருக்கு.

— நக்கலா?

— நிஜமாத்தான் சொல்றேன்.

— இரு... இடிக்குதே. டிராக்ல ரெண்டு தடவையும் ரெண்டுலதான் சுவிட்ச். பங்க் பெட்ரோல்தான். நேர் ரோட்டுல முழுசா மிதிச்சேன். ஒரு சத்தமும் இல்ல. அப்ப உடையாதது இன்னைக்கு மட்டும் ஏன்?

— அந்தத் துணியைக் குடுங்க.

— கை துடைக்கறது இருக்கட்டும். சொல்லு.

— ரெண்டாவது செட்டிங்கை நேத்துதான் திரும்ப ஏத்தினேன்.

— நேத்தா? இத்தனை நாளா அதுல என்ன இருந்துச்சு?

— ஒண்ணுல இருக்கறதேதான். சுவிட்சை எதுல வச்சாலும் பங்க் பெட்ரோல் செட்டிங்தான்.

— அப்ப வண்டி அடங்கினது பெட்ரோலால இல்லையா?

— நான் அடக்கினேன்.

— எதுக்கு?

— முதல் தடவை ஓடின கணக்கு முழுசும் லேப்டாப்ல விழுந்துச்சே. அந்த வளைவுகிட்ட உங்க கால் ஆக்ஸிலேட்டர்லேர்ந்து எழும்புது, அழுத்துது, எழும்புது. கோடு கோடா நடுங்குது. நீங்க சூப்பர்னு சொல்லிட்டு நிக்கறீங்க. நான் ஸ்கிரீனைப் பாத்துட்டு நிக்கறேன்.

— தெரிஞ்சுதான் இருந்துச்சா உனக்கு...

— அன்னைக்கு சாயந்திரமே மாத்திட்டேன்.

— ரெண்டு தடவையும் மட்டமான டைம் வந்துச்சே. அங்க நின்னவன் எல்லாம், பொம்பளை போட்ட செட்டிங், இவ்வளவுதான் போகும்னு என் காதுபடவே சொன்னான். நீ வாயே திறக்கல. நானும் உனக்குத்தான் எங்கயோ தப்புன்னு நினைச்சுட்டேன்.

— சொல்றவங்க சொல்லட்டும்னு இருந்துட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன், அது வேற.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

— சொல்லியிருந்தா ரோஷத்துக்கு இன்னும் மிதிச்சிருப்பீங்க.

— ...மிதிச்சிருப்பேன்.

— அதான்.

— அப்ப நேத்து மட்டும் ஏன் ஏத்தின? நான் பயந்தவன்னு தெரியும். நாளைக்கு அந்த ஆள் வர்றார்னதும் பரவாயில்லைன்னு தோணிடுச்சா?

— உங்களுக்கு ஏத்தல.

— அப்ப யாருக்கு?

— நாளைக்கு ஓட்டறதுக்குப் பேரு குடுத்தேனே, அதுல என் பேரைத்தான் குடுத்திருக்கேன்.