மேடத்துக்குப் புடிச்ச சீட்டு

அந்தப் பைய எடும்மா. மொதல்ல எடு, அப்பறம் பேசு.

யாருக்கு? ஸ்வர்ணாவுக்கா? ஓஹோ. யஸ்வந்தபுரத்துல ஏறுற ஸ்வர்ணாவுக்கு ஸ்ரீராம்புரத்துலயே சீட்டு போட்டாச்சா! நீ சேர்ந்து எத்தன நாளாச்சு? மூணு வாரம். பரவால்ல, சூட்டிகையாத்தான் இருக்க. கழுத்துல தொங்கற கார்டுல பேரு என்னா? கிருத்திகா. எந்த ஊரு, சேலமா? பாத்தாலே தெரியுது.

கம்பெனி பஸ்ஸுல யார் வேணா எங்க வேணா ஒக்காரலாம்னு பர்சனல் டிபார்ட்மெண்ட்ல சொல்லியிருப்பாங்க. அவங்களா தெனம் இதுல வராங்க? இது ராஜலக்ஷ்மி மேடம் சீட்டு. மூணாவது வரிசை, ஜன்னலோரம். தொண்ணூத்தி மூணுல இருந்து ஒம்பது வருஷமா என் டிபன் பைய வெச்சு நான் புடிச்ச சீட்டு. பர்ச்சேஸ்ல சீனியர் மேனேஜர் அவங்க. கம்பெனி கார் குடுக்க இன்னும் ஒரு படி பாக்கி, அதனால பஸ்ஸு. நவரங் ஸ்டாப்புல ஏறுவாங்க, நான் பைய எடுத்து மடியில வெச்சிக்குவேன், அவங்க ஒக்காருவாங்க.

ஆமா, சஸ்பெண்ட் ஆகித்தான் இருக்காங்க. ஏழு வாரமாச்சு. எனக்குத் தெரியாதத நீ வந்து சொல்றியா? சஸ்பெண்ட் ஆனா சீட்ட ஏலம் விட்டுடணுமா? நகரு, அந்தாண்ட நகரு. நான் நடுவுல ஒக்காந்துக்கறேன். மொறைக்காத. என் வயசுக்கு ஒன்ன மாதிரி எத்தன ட்ரெய்னிய பாத்திருக்கேன்.

ஸ்வர்ணாவ புடிச்சுக்கோன்னு யாரு சொன்னா? ஓஸ்வால்ட்டா? ட்ரெய்னிங் செக்‌ஷன்ல ஒக்காந்துக்கிட்டு எல்லாருக்கும் ஜாதகம் கணிக்கறதுதானே அவன் வேல. அவன் பதினாறு வருஷமா அதே நாற்காலியிலதான் இருக்கான், அத கேட்டியா?

காட்பாதர் வேணும்னு சொன்னானா? அது வாஸ்தவம்தான். அதுல நான் தப்பு சொல்ல மாட்டேன். ப்ரமோஷன் கமிட்டின்னு அஞ்சு பேரு கதவ சாத்திக்கிட்டு ஒக்காருவாங்க. நீயும் நானும் எட்டிக்கூட பாக்க முடியாது. உள்ள ஒக்காந்து நம்ம பேர எடுத்து சொல்ல ஒரு வாய் வேணும். அது இல்லன்னா நீ மாடா ஒழச்சாலும் ஒன் ஃபைலு அடியிலயே கெடக்கும். இதெல்லாம் ஒனக்குப் பல்லு மொளைக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்.

தெரிஞ்சு என்னா பண்ணேன்னு கேளு. மேடத்தோட மாமியாருக்கு கண்ணு ஆபரேஷன் ஆச்சு. லீவு போட்டு, வேளா வேளைக்கு மருந்து விட்டது யாரு? நான். கேஸ் சிலிண்டர் வரலன்னா ஏஜென்சிக்காரன்கிட்ட மல்லுக்கு நின்னது யாரு? நான். மல்லி வெச்சா அவங்களுக்குத் தலவலி, முல்லைதான் வேணும். வெள்ளிக்கெழமைன்னா மல்லேஸ்வரம் மார்க்கெட்டுக்குப் போயி முல்லை வாங்கிட்டு வருவேன். பொண்ணு ஸ்ரீவித்யா கல்யாணத்துல ரெண்டு நாளா மண்டபத்த விட்டு நான் நகரல. எங்க வீட்டுக்காரரு கேப்பாரு, ஒனக்கு வேல பேக்டரியிலயா அந்தம்மா வீட்லயான்னு. ஒங்களுக்கு ஆபீஸ் விஷயம் தெரியாது, வாய மூடிக்கிட்டு இருங்கன்னு சொல்லுவேன். எனக்கு ஆபீசராகணும். க்ளார்க்காவே ரிட்டயர் ஆகக் கூடாது. அது ஒண்ணுதான் மனசுல.

இப்ப ஒன் ஸ்வர்ணா என்னா பண்ணான்னு கேளு. மேடத்துக்கு ஒரு நாள் குட்மார்னிங் சொன்னதில்ல. கடசி சீட்டுல காதுல வயர மாட்டிக்கிட்டு தூங்குவா. என்ன விட ஏழு வருஷம் ஜூனியர். ஆனா கம்ப்யூட்டர்ல ஒரு சார்ட்டு போட்டா. எந்த சப்ளையர் எத்தன நாள் லேட்டு, எவன் சரக்கு எத்தன வாட்டி திரும்பிப் போச்சு, எல்லாம் கலர் கலரா. மேடம் அத எடுத்துக்கிட்டு ஜி.எம். மீட்டிங்குக்குப் போனாங்க. ஜி.எம். எல்லார் முன்னாடியும் மேடத்த புகழ்ந்தாரு. அவ்ளோதான்.

டிசம்பர்ல லிஸ்ட்டு ஒட்டினாங்க. பர்ச்சேஸுக்கு ஒரே ஒரு ஆபீசர் போஸ்ட்டு. ஸ்வர்ணா. மேடம்தான் கமிட்டியில அவளுக்காகப் பேசியிருக்காங்க.

கேக்காம இருப்பேனா? மறுநாள் காலையில பஸ்ஸுலயே கேட்டுட்டேன். என் கைய புடிச்சிக்கிட்டாங்க. பாகீரதி, நீ எனக்கு வீட்டு மனுஷி மாதிரி, ஒன் பேர நான் உள்ள போயி எந்த மொகத்தோட சொல்றது? தன் வீட்டுக்கு எடுபிடி செய்யறவளுக்குத் தூக்கிக் குடுக்கறான்னுதானே பேசுவாங்க? அதுவும் இல்லாம ஒனக்காக எடுத்துக் காட்ட என் கையில என்னா இருக்கு, நீயே சொல்லுன்னாங்க.

கேட்டுக்கிட்டியா? ஒம்பது வருஷம் ஒட்டி ஒட்டிப் போயி நான் வீட்டு மனுஷி ஆயிட்டேன். வீட்டு மனுஷிக்கு எவளாவது ப்ரமோஷன் குடுப்பாளா? பொங்கலுக்குப் பொடவ குடுப்பா. நியாயமாத்தான் பேசினாங்க, அதான் எனக்கு இன்னும் எரிஞ்சுது. அநியாயமா பேசியிருந்தா ரெண்டு திட்டு திட்டிட்டு ஆறியிருப்பேன்.

அதனால சொல்றேன், பைய வெச்சு சீட்டு புடிக்கறது, பூ வாங்கறது, இதெல்லாம் சும்மா வேஸ்ட்டு. ஸ்வர்ணா ஒனக்காகப் பேசணும்னா அவ எடுத்துக் காட்ட ஒரு பேப்பர் குடு. ஒன் மேல பாசத்துல ஒண்ணும் சொல்லல. என்ன மாதிரி இன்னொரு முட்டாள தெனம் எதிர்ல பாக்க எனக்குப் பொறுக்கல, அவ்ளோதான்.

மேடத்த எதுக்கு சஸ்பெண்ட் பண்ணாங்கன்னா? ஓஸ்வால்ட் அத சொல்லலயா? மொட்டக் கடுதாசி. விஜிலென்ஸுக்கு. கோவிந்தப்பான்னு ஒருத்தன், நமக்குப் பேக்கிங் பெட்டி சப்ளை பண்ணவன். அவன் ஸ்ரீவித்யா கல்யாணத்துக்கு ஒரு ஜோடி வெள்ளிக் குத்துவெளக்கு குடுத்தான். அடுத்த மாசமே அவனுக்குப் பெரிய ஆர்டர் போச்சு. ரெண்டையும் முடிச்சு போட்டு, அழகா டைப் அடிச்சு, கையெழுத்து இல்லாம எழுதியிருந்துது.

வெளக்கு குடுத்தது நெசம்தான். கல்யாணத்துக்கு மொத நாளு சாயங்காலம் கொண்டாந்தான். மேடம் நலங்குல இருந்தாங்க. வாங்கி உள்ள வெச்சது நான்தான். வேற யாரும் பாக்கல.

கோவிந்தப்பாவா? அவனையும் கேட்டாங்க. மேடமே கேட்டு வாங்கிக்கிட்டாங்கன்னு கூசாம சொல்லிட்டான். பெட்டி எல்லாம் பச்ச மரமா இருக்குன்னு ஜனவரில அவன் ஆர்டர மேடம் கேன்சல் பண்ணிட்டாங்க. அந்தக் கடுப்பு அவனுக்கு.

நவரங் வந்துடுச்சா? இந்த ஸ்டாப்புலதான் ஏறுவாங்க. ஏழு வாரமா நான் இந்தப் பைய வெச்சிக்கிட்டு வரேன். பஸ்ஸே சொல்லுது, விசுவாசம்னா பாகீரதிகிட்ட கத்துக்கணும்னு. மொத சீட்டு ரங்கநாதன் சார் போன வாரம் கண்ணு கலங்கிட்டாரு. நான் சீட்ட விட்டுட்டா நாலு பேரு நாலு விதமா யோசிப்பாங்க. யோசிக்கக் கூடாதுன்னுதான் வெச்சிருக்கேன்.

ஏன்னா கேக்கற? கேளு, கேளு. ஒனக்கு மட்டும் என்னா.

இன்னிக்குப் பத்தரைக்கு என்கொயரி. மேடம் தன் பக்கம் பேச சாட்சின்னு ஒரே ஒரு பேரு குடுத்திருக்காங்க. என் பேரு. நேத்து கடுதாசி வந்துது. கதவ சாத்திக்கிட்டு அஞ்சு பேரு ஒக்காந்திருப்பாங்க, நான் உள்ள போயி அவங்களுக்காகப் பேசணும். எப்படி இருக்கு பாரு கூத்து!

என்னா பேசணுமா? அந்த வெளக்கு கல்யாணம் முடிஞ்ச நாலாம் நாளே திரும்பிப் போயிடுச்சு. மேடத்துக்கு விஷயம் தெரிஞ்ச ஒடனே, இது வீட்ல ஒரு நாள் கூட இருக்கக் கூடாது பாகீரதின்னு என்கிட்ட குடுத்தாங்க. துணியில சுத்தி ஆட்டோவுல எடுத்துக்கிட்டுப் போயி கோவிந்தப்பா கையிலயே குடுத்தேன். ரசீதா? வெளக்க திருப்பிக் குடுத்துட்டு எவளாவது ரசீது கேப்பாளா? பாத்தவங்களும் இல்ல. குடுத்த எனக்குத் தெரியும், வாங்கின அவனுக்குத் தெரியும்.

லெட்டர்ல அத மட்டும் நான் எழுதல.

வாய மூடு, ஈ போயிடும். ஆமா, நான்தான் எழுதினேன். லிஸ்ட்டு ஒட்டின வாரம் எழுதினேன். எங்க நாத்தனார் வேல செய்யற டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல அடிச்சேன். ரெண்டு மெமோ குடுப்பாங்க, நாலு பேரு முன்னாடி தல குனிவாங்கன்னு நெனச்சேன். வேலையே போற அளவுக்குப் போவும்னு சத்தியமா நெனைக்கல. இருவத்தாறு வருஷ சர்வீஸ் அவங்களுக்கு.

இப்ப நான் உள்ள போயி, வெளக்கு திரும்பிப் போச்சு, கொண்டு போனது நான்தான்னு சொன்னா அவங்க தப்பிச்சிடுவாங்க. ஆனா வெளக்கு வந்தத பாத்தது நீ ஒருத்திதானே, அப்ப எழுதினது யாருன்னு அடுத்த கேள்வி வரும். எனக்கு வேல போவும். எங்க வீட்டுக்காரரு வேல பாத்த மில்ல மூடி மூணு வருஷமாச்சு. சொல்லலன்னா மேடம் காலி. ராத்திரி பூரா சொல்லிடணும்னுதான் நெனச்சிக்கிட்டு இருந்தேன். ஆனா அந்த ரூமுக்குள்ள போனா நான் எதையாவது மழுப்பிட்டு வந்துடுவேன், என்ன எனக்குத் தெரியாதா?

எதுக்கு ஒன்கிட்ட சொன்னேனா? பைத்தியமா நான், ஆள் தெரியாம சொல்ல? அதோ யஸ்வந்தபுரம் வந்தாச்சு. ஒன் ஸ்வர்ணா நிக்கறா பாரு, கையில செல்போன். ஏறினதும் அவ காதுல போடு. அவ பத்தரைக்குள்ள மேடத்துக்கும் சொல்லுவா, ஜி.எம்.முக்கும் சொல்லுவா. ஒனக்கும் அவகிட்ட நல்ல பேரு வேணுமில்ல? இத விடப் பெரிய சமாச்சாரம் ஒனக்கு ஜென்மத்துக்கும் கெடைக்காது. போ, எழுந்திரு, சொல்லு.