ஆற்றாத காபி

எங்கள் வீட்டில் காபி ஆற்றிக் கொடுப்பது எப்போதும் நான்தான். ஆற்றாமல் கொடுத்தது ஒரே ஒரு நாள். சிந்துஜா மேடம், அம்மாவின் கையில் இருக்கும் தழும்பைப் பற்றிக் கேட்டீர்கள். நான் அப்பாவிலிருந்து தொடங்குகிறேன். இல்லாவிட்டால் என்னைத் தவறாகப் புரிந்துகொள்வீர்கள்.

அப்பாவுக்கு வந்ததும் அம்மாவுக்கு வந்த இதே நோய்தான். மூளைக்குள் மெல்லிய ரத்தக்குழாய் ஒன்று அடைத்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. நான் அப்போது சிதம்பரத்தில் கல்லூரி முதல் வருடம். "அப்பா எழுந்து நடக்கட்டும்டி, அடுத்த வாரமே நீ காலேஜுக்குப் போவலாம்" என்று சொல்லி அம்மா என்னை வீட்டில் நிறுத்தினாள். நம்பினேன்.

அம்மா அப்பாவைப் படுக்க விடவில்லை. தண்ணீர் கேட்டால், "நீயே எட்டி எடுத்துக்க, நான் என்னா உனக்கு வேலைக்காரியா?" என்பாள். கையைப் பிடித்து முதுநகர்த் தெருக்களில் இழுத்துக்கொண்டு நடப்பாள். "என்னக் கொல்லத்தான் கட்டிக்கிட்டியா?" என்று அப்பா கத்துவார். சட்டைப் பொத்தானை அவரே போட்டு முடிக்கும்வரை சோறு கிடையாது. ஆடி பிறப்பதற்குள் அவர் சைக்கிள் மிதித்தார்.

நான் பையை எடுத்து வைத்தேன். அந்த வாரம்தான் தம்பி சேரனுக்கு என்ஜினியரிங் சீட் கிடைத்தது. "ரெண்டு பேரையும் படிக்க வெக்க முடியாது. உனக்கு சாயங்கால டைப்பிங் கிளாஸ் போதாதா? அவன் ஆம்பளப் புள்ள" என்றாள் அம்மா. அப்பா சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது என்று நினைக்கிறேன். இதைச் சரியாகச் சொல்கிறேனா என்று தெரியவில்லை.

தானே புயல் அடித்த அடுத்த மாதம் அம்மா அடுப்படியில் விழுந்தாள். அதே அடைப்பு, அதே வலப்பக்கம். "அதான் பொண்ணு இருக்குல்ல, பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு அப்பா பேப்பரை விரித்தார்.

பார்த்துக்கொண்டேன். ஊட்டிவிட்டேன், தலைவாரிவிட்டேன். அவள் எழ முயன்றால் ஓடிப்போய்த் தாங்கி மறுபடியும் படுக்கவைத்தேன். கைப்பயிற்சிக்கு என்று நீங்கள் கொடுத்த ரப்பர் பந்தைப் பரண்மேல் போட்டேன். அப்பாவை எழுப்பியது எது என்று பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அதில் ஒன்றைக்கூட அம்மாவுக்குச் செய்யவில்லை.

தெருவே என்னை மெச்சியது. "பெத்தா இளமதி மாதிரி ஒரு பொண்ணப் பெக்கணும்" என்றாள் எதிர்வீட்டு மங்கலம் அக்கா. சில மாதங்களில் அப்பா எழுந்தாரே, அம்மா ஏன் எழவில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. டாக்டர்கூட, "லேடீஸுக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் ஆகும்மா" என்றார். அதற்கு மேல் நான் எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள்.

அப்படியும் ஒரு மாலை, திருப்பாதிரிப்புலியூரில் கிளாஸ் முடிந்து வந்தபோது, அம்மா வலக்கையால் காலி டம்ளரைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"பாத்தியாடி?" என்று வாய் கோணச் சிரித்தாள்.

"பாத்தேம்மா."

காபி போட்டேன். ஆற்றவில்லை. தளும்பத் தளும்ப ஊற்றி அந்தக் கையிலேயே கொடுத்தேன். கொட்டும் என்று தெரிந்துதான் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்தக் கை எதற்கும் நீளவில்லை.

போன வாரம் அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். வார்த்தைகள் குழறின. "உனக்கு நான் பண்ணது தப்புடி. நீ போயி காலேஜுல சேந்துடு. என்னய உங்கப்பா பாத்துக்கட்டும்."

அவள் வாயோரத்தைத் துடைத்துவிட்டேன்.

"நீ எழுந்து நடம்மா. அடுத்த வாரமே போறேன்."

அம்மா அழுதாள். எனக்கும் படிக்க ஆசைதான், மேடம். ஆனால் இந்த நிலையில் அவளை விட்டுவிட்டு நான் எப்படிப் போக முடியும், நீங்களே சொல்லுங்கள்.