ஒரே சாமி, ரெண்டு வேண்டுதல்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில், என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்த இளையவள் சொன்னாள்: "மாமியாரும் நானும் திருவாமாத்தூர் கோயில்ல சேர்ந்துதான் விளக்கு போடுறோம்க்கா. வேண்டுதல்தான் வேற."

"ஒன் மாமியா என்னா வேண்டிக்குது?"

"ரெண்டும் பொண்ணாப் போச்சு, மூணாவதாவது ஆம்பளப் புள்ளயா குடுன்னு."

"நீ?"

"ரெண்டாவது பிரசவத்தப்ப வச்ச காப்பர்-டி நகரக் கூடாதுன்னு."

மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள். நான் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் முன்னால் சாய்ந்தேன்.

"ஒன் வூட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா பேஜாரு. அவரு எலுமிச்சம்பழம் மந்திரிச்சி எடுத்தாந்து எங்கிட்ட குடுக்குறாரு. நான் ஜூஸ் போட்டுக் குடிச்சிக்கினு இருக்கேன்."

"அடிப்பாவி! சாமி யாரு பக்கம்டி இருக்கும்?"

"மூணு வருஷமா என் பக்கம்தான்க்கா."