மூடி போட்ட கரண்டி

பழைய வெள்ளியைப் பல்பொடி போட்டுத் தேய்க்காதீர்கள், சார். உங்கள் வீட்டு விளக்கைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்காகச் சொல்கிறேன். கறுப்போடு சேர்ந்து, செய்தவனின் முத்திரையும் தேய்ந்துவிடும்.

நீங்கள் எல்லையோரத்து ஹனூர்க்காரர், தமிழ் தெரியும் என்பதால் தமிழிலேயே பேசுகிறேன். என் பெயர் முரளிதரன். மண்டி மொஹல்லாவில் பழைய வெள்ளிச் சாமான் கடை வைத்திருக்கிறேன். மைசூரில் எந்த வீட்டுப் பெட்டியிலிருந்து எது வெளியே வந்தாலும், யார் செய்தது, எதற்காகச் செய்தது என்று கேட்டு என்னிடம்தான் வருவார்கள்.

பார்த்துச் சொல்வது என் மனைவி சொர்ணலதா. சாமானைச் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோவேன். ஜன்னலோரம் உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "இது குங்குமச் சிமிழ் இல்லீங்க. மூக்குப்பொடி வெச்சுக்கறது. மூடி எத்தனை இறுக்கமா இருக்குது பாருங்க" என்பாள். மறுநாள் கடையில் அதையே நான் சொல்வேன். அவளுக்கு இதில் வருத்தம் இருந்ததில்லை. இருந்ததாகச் சொன்னதில்லை.

போன மழைக்காலத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. விழுங்கவும் முடியாததால் மூக்கில் குழாய் போட்டார்கள். வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது, நேராக நுரையீரலுக்குப் போய்விடும் என்று டாக்டர் என்னையும் மகள் வைஷாலியையும் நிற்க வைத்துச் சொன்னார். எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியவில்லை என்று இப்போது சொல்ல மாட்டேன்.

அதன் பிறகுதான் பசவராஜ் அந்தச் சாமானைக் கொண்டுவந்தார். பழம்பொருள் சேர்க்கிறவர், யாதவகிரியில் வீடு. பார்க்கக் கரண்டி மாதிரி இருந்தது. ஆனால் கரண்டியின் குழி மேல் கீல் வைத்த மூடி, மூடியில் தாமரை. குழியின் நுனியில் சின்ன வாய். காம்பு உள்ளே குழாய் மாதிரிக் கூடாக இருந்தது, அதன் கடைசியில் ஒரு துளை. நான் தாமரையைப் பார்த்தேன். மேல்கோட்டையில் செய்தது, கோயிலில் தீர்த்தம் கொடுப்பதற்கு என்றேன். அவர் வீட்டு விருந்தில், மற்ற சேகரிப்பாளர்கள் முன்னால், அதையே விரிவாகச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் உதவி இல்லாமல் நான் சொன்ன முதல் சாமான் அது.

விருந்து முடிந்ததும், துடைத்துத் தருகிறேன் என்று அதை வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போனேன். அவளுக்குப் பொழுதுபோகட்டும் என்று இடது கையில் கொடுத்தேன். வைஷாலியும் பக்கத்தில் இருந்தாள்.

சொர்ணலதா வெகுநேரம் பார்த்தாள். மூடியைத் திறந்து, கீலின் அடியில் நகத்தை வைத்துக் காட்டினாள். இரண்டு ஆங்கில எழுத்துகள், பக்கத்தில் ஒரு குட்டி மயில். பெங்களூர் கண்டோன்மென்ட்டில் கடை வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரரின் முத்திரை. வேறொரு தட்டில் அதை எனக்கு அவள்தான் முன்பு காட்டியிருந்தாள். பிறகு காம்பின் துளையைக் கட்டைவிரலால் மூடி, கரண்டியைத் தன் உதட்டருகே கொண்டுபோய், விரலை எடுத்தாள்.

வைஷாலிதான் முதலில் புரிந்துகொண்டாள். "நோயாளிக்கு மருந்து ஊத்தறதா? துளையை மூடுனா உள்ளேயே நிக்கும், விரலை எடுத்தா தொண்டையில இறங்கிடும். ஹௌதா, அப்படித்தானே அம்மா?"

சொர்ணலதா கண்ணை மூடித் திறந்தாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். முகத்தின் ஒரு பக்கம் மட்டும்தான் அசையும்.

"அப்போ இத்தனை வருஷமும் அம்மாதானா?" என்று என் மகள் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. "பசவராஜ் அங்கிளை ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரேன். அம்மா கையாலேயே காட்டட்டும்."

நான் சரி என்றேன்.

மறுநாள் மதியம் வைஷாலி வேலைக்குப் போயிருந்தாள். பார்த்துக்கொள்கிற நர்ஸம்மா சாப்பிடப் போனார். நான் பாலை ஆற்றி, அந்தக் கரண்டியில் ஊற்றி, மூடியைப் போட்டு, துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டேன். கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. வேலைப்பாடு அவ்வளவு நேர்த்தி.

அவளிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். "நீ சொன்னது சரியான்னு பாத்துடலாம், சொர்ணா" என்றேன். அவள் தலையை நான் தூக்கிவிடவில்லை, தலையணையைச் சரிசெய்யவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது. ஆனால் அப்படி மூடியிருக்கிற வாய்க்குத்தான் அந்தச் சாமானைச் செய்திருக்கிறார்கள். பல்லுக்கு நடுவில் நுனி சுலபமாகப் போனது. விரலை எடுத்தேன்.

இரண்டாவது முறை நிரப்பியபோது இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். தள்ளினாள் என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். கல்யாணமான நாளிலிருந்து என் கையைப் பிடித்தவள் அவள். பிடித்தாள் என்றே நான் சொல்கிறேன்.

இருமலில் சத்தமே இல்லை. உதடு நீலமானது. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம், அவர் கீழ்வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூப்பிடவில்லை. கை தளர்ந்த பிறகு கரண்டியை வெந்நீரில் அலசி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தேன்.

டாக்டர் வந்து தொண்டையில் பாலைப் பார்த்தார். வைஷாலி என்னைப் பார்த்தாள். வெளியே போய் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. கொஞ்ச நாளில் சரியாகிவிடுவாள்.

எனக்கு அழுகை வரவில்லை என்று பக்கத்து வீட்டார் சொல்லியிருப்பார்கள். உண்மைதான்.

கொன்றது நான்தான். அதில் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். வழக்கு முடிந்து அந்தக் கரண்டி பசவராஜ் வீட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குத் திரும்பும்போது, அடியில் வைக்கிற அட்டையில் கோயில், தீர்த்தம் என்று எழுதிவிடப் போகிறார். நோயாளிக்கு மருந்து புகட்டும் கரண்டி என்று எழுதச் சொல்லுங்கள். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கட்டும். அவள் யூகித்தாள், அவ்வளவுதான். நிரூபித்தது நான்.