தூளி விலை, ஷிப்பிங் உட்பட

— அதெல்லாம் நக்கோ, வேணாம் சுபா. ஷிப்பிங்க தனியா போடாத. விலைக்குள்ளயே இருக்கட்டும். இவ்ளோ நாளா அப்படித்தானே போய்ட்டிருக்கு?

— இருங்க மாமா, நான் முழுசா சொல்லிர்றேன். தூளி நானூறு ரூபா வரைக்கும் போகும். கூரியர் செலவு தனியா நூத்தியிருபது. எது எவ்வளவுன்னு வாங்குறவங்களுக்குக் கண்ணுக்குத் தெரியணும்ல?

— எதுக்குத் தெரியணும்? ஓட்டல்ல இட்லி திங்கறோம். சாம்பாருக்குத் தனி பில்லா போடறான்?

— சாம்பார் கூரியர்ல வர்றதில்ல மாமா.

— அடுப்புலேர்ந்து மேஜைக்கு ஒருத்தன் தூக்கிட்டு வர்றானில்ல? அவன் கூலி இட்லியிலதானே இருக்கு?

— ஆத்தாடி! முப்பது வருஷம் ராமச்சந்திராபுரம் ஃபேக்டரியில கிரேன் பாத்துட்டு இருந்தீங்களா, இல்ல திருட்டுத்தனமா வக்கீலுக்குப் படிச்சீங்களா?

— பேச்ச மாத்தாத. நான் சொல்றது சரியா தப்பா?

— இது இன்டர்நெட் ஏலம் மாமா. கடையில விக்கற மாதிரி இல்ல. ஆரம்ப விலை கம்மியா இருந்தாத்தான் நாலு பேரு எட்டிப் பாப்பாங்க. இருநூறுல ஆரம்பிச்சா மெதுவா ஏறும். ஷிப்பிங்கயும் சேத்து முன்னூத்தியிருபதுல ஆரம்பிச்சா, ஐயோ இம்புட்டு விலையான்னு அடுத்த பக்கத்துக்கு ஓடிருவாங்க.

— இருநூறுன்னு ஆசை காட்டி உள்ள கூப்பிடுவ. அவ போட்டி போட்டு ஜெயிச்சப்புறம், இந்தா ஷிப்பிங்குன்னு நீட்டுவ. நம்ம செகந்திராபாத் ஆட்டோக்காரன் மாதிரி. மாரெட்பள்ளியா, ஏறுங்க ஏறுங்கம்பான். எறங்கறப்போ மீட்டருக்கு மேல இருபது குடும்பான். வயிறெரிஞ்சு வாங்கின தூளியில புள்ள எப்படிம்மா தூங்கும்?

— சரி, இதுக்குப் பதில் சொல்லுங்க. அல்வால்ல இருக்கறவளும் மியாப்பூர்ல இருக்கறவளும் ஒரே விலை குடுக்கறது நியாயமா? அல்வாலு பக்கத்துலயே இருக்கு. மியாப்பூருக்கு ரெண்டு பஸ் மாறணும்...

— ரெண்டு எதுக்கு? ஸ்டேஷன்ல பட்டான்செரு பஸ் ஏறினா நேரா கொண்டுபோய் எறக்கிடறான். காலைல பத்தரைக்கு மேலன்னா உக்காரவும் எடம் கெடைக்கும்.

— அடேயப்பா. உங்களுக்கெப்படித் தெரியும்?

— தெரியாதா? முப்பது வருஷம் அந்த ரோட்லதானே போனேன்.

— கம்பெனி பஸ்லதானே போனீங்க. காலைல ஆறு மணிக்கு.

— ...காப்பி ஆறுது. குடிச்சிட்டுப் பேசு.

— குடிக்கறேன், குடிக்கறேன். நேத்து கொண்டுபோன டிபன் டப்பாவ தேய்க்கப் போட்டீங்களா?

— போட்டாச்சு. நீ விஷயத்துக்கு வா. நல்லாப் போய்ட்டிருக்கற யாவாரத்துல எதுக்கு இப்போ கை வைக்கற?

— நானா கை வைக்கறேன்? இது என் யோசனையே இல்ல மாமா. உங்க புள்ளையோடது.

— சுதர்சன் சொன்னானா?

— ம். அவரு ஆபீஸ்ல யாரோ சொன்னாங்களாம். வீட்டுக்கே வந்து பார்சல எடுத்துட்டுப் போற கூரியர் இருக்காம். அவங்களுக்கு ஷிப்பிங் தனியாத்தான் போடணும். அப்பா இனிமே மூணடித் தூளிக் கம்பையும் பையையும் தூக்கிட்டுத் தெருமுனை கூரியர் ஆபீசுக்கு அலைய வேணாம்னு சொல்லிட்டாரு. போன மாசம் தலை சுத்தி விழுந்தீங்கள்ல...

— விழல. உக்காந்தேன்.

— எங்க உக்காந்தீங்க?

— பேட்னி பஸ் ஸ்டாப்புல.

— தெருமுனைக்குப் போனவரு பேட்னியில எதுக்கு மாமா உக்காந்தீங்க?

— ...காத்து வாங்க.

— பேட்னியில காத்து! பஸ்ஸு விடற பொகையத்தான் வாங்கணும்.

— சிரிக்காத. அவன் எங்க இப்போ?

— மோண்டா மார்க்கெட்டுக்குப் போயிருக்காரு, காய் வாங்க. ஞாயித்துக்கிழமைல்ல. அவரு வர்றதுக்குள்ள இத சைட்டுல மாத்தி வைக்கணும்.

— வர்றதுக்குள்ளயேவா? அப்போ... அந்தக் கூரியர்காரன் நாளையிலேர்ந்தே வந்துடுவானா?

— வந்துருவான். நீங்க நிம்மதியா டிவி பாக்கலாம். ஓய்வெடுங்க.

— ஓய்வுதானே... ஹவ், ஆமா, எடுக்கலாம். உன் அத்தை போனப்புறம் எடுத்தேனே. கனகம் உக்கார்ற நாற்காலியப் பாத்துட்டே உக்காந்திருந்தேன். நீ சோறு போட்டா சாப்பிட்டேன். தண்ணி குடுத்தா குடிச்சேன். காலையா சாயங்காலமான்னு தெரியாம... அது மறுபடி நக்கோ சுபா. கைய எடுத்துக் கும்பிடறேன், அது மட்டும் நக்கோ.

— ஐயோ, என்ன மாமா நீங்க... கும்பிடறதெல்லாம் வேணாம். இங்க வாங்க. கம்ப்யூட்டர் பக்கத்துல உக்காருங்க. உங்களுக்கு ஒண்ணு படிச்சுக் காட்டணும்.

— கண்ணாடி இல்ல.

— நான்தான் படிக்கப்போறேன். தூளி வாங்கினவங்க சைட்டுல எழுதறது இது. பொருள் எப்படி, டெலிவரி எப்படின்னு. கேளுங்க. ‘தூளித் துணி மெத்துனு இருக்கு. ஸ்பிரிங் நல்லா ஆடுது. ஆனா டெலிவரிதான் பிரமாதம். கொண்டுவந்த அங்கிள், எங்க வீட்டுக் கொக்கி தாங்காதுன்னு சொல்லிட்டாரு...’

— யாரோ நல்ல கூரியர்காரன்.

— ‘வாட்ச்மேன்கிட்ட ட்ரில் மெஷின் கடன் வாங்கி, வேற எடத்துல துளை போட்டு, புதுக் கொக்கி மாட்டினாரு.’

— அந்தக் கூரியர் கம்பெனியில இப்போல்லாம் ட்ரெய்னிங் குடுக்கறாங்க போல.

— ‘தமிழ்ல பேசினாரு.’

— செகந்திராபாத்ல தமிழாளுக்கா பஞ்சம்?

— ‘மாட்டின கொக்கியில முதல்ல அவரே தொங்கிப் பாத்தாரு.’

— போதும்மா, கம்ப்யூட்டர மூடு.

— ‘பாப்பாவ தூளியில போட்டு ஆட்டி, தமிழ்ல பாதி, தெலுங்குல பாதி பாட்டுப் பாடி, அது தூங்கினதுக்கப்புறம்தான் செருப்பையே போட்டாரு.’ இப்படி ஒண்ணு இல்ல மாமா. கீழ வரைக்கும் இதேதான். எல்லாரும் தூளிய ரெண்டு வரி எழுதிட்டு, டெலிவரிய பத்து வரி எழுதறாங்க. இப்போ சொல்லுங்க. இந்தக் கூரியர்காரன் யாரு?

— ...சுதர்சன் இதப் படிச்சானா?

— முதல்ல நீங்க சொல்லுங்க. கூரியர் ஆபீசுக்கு ஒரு நாளாவது போனீங்களா?

— போனேம்மா! சத்தியமா முதல் பார்சலுக்குப் போனேன். தூளிக் கம்பு நீளமா இருக்கு, எக்ஸ்ட்ரா ஆகும்னு அவன் சொன்ன தொகை தூளி விலைக்குப் பக்கத்துல வந்து நின்னுது. உன் மொத யாவாரம். திருப்பிக் கொண்டுவந்தா உன் மூஞ்சி வாடிப்போகும். மியாப்பூர்தானே, பஸ் ஏறினா குடுத்துட்டு வந்துடலாம்னு போனேன். குடுத்துட்டு உடனே வர்றதாத்தான் இருந்தேன்.

— அப்புறம்?

— அந்தப் பொண்ணு நஸ்ரின்னு பேரு, கீழக்கரை. பொறந்து நாப்பது நாள்கூட ஆகாத கொழந்தை. புருஷன் ஷிப்டுக்குப் போயிருக்கான், வீட்ல வேற ஆளில்ல. பார்சல வாங்கினவ அங்கயே பிரிச்சு, பால்கனியில பூந்தொட்டி தொங்கவிட்டிருந்த கொக்கியக் காட்டி, இதுல மாட்டிக்கலாமா அங்கிள்னு கேக்கறா. பூந்தொட்டி கொக்கி சுபா! சுண்டு விரல் மொத்தம்கூட இல்ல. அஞ்சாவது மாடி.

— அடக் கடவுளே...

— முப்பது வருஷம் அதுதானே என் பொழப்பு. கிரேன் கொக்கிய எடை தொங்கவிட்டுப் பாக்காம விட மாட்டோம். அந்த வீட்ல எடைக்கு எங்க போறது? அதான் நானே தொங்கினேன்.

— அறுபத்தி நாலு வயசுல!

— தாங்கிச்சே! அப்புறம் புள்ளயப் போட்டோம். ராத்திரியெல்லாம் அழுதுட்டிருந்ததாம். ஆட்டினதும் அப்படியே கண்ணச் சொருகிடுச்சு. அந்தப் பொண்ணு செவுத்துல சாஞ்சு நின்னு, வாப்பா இருந்திருந்தா இப்படித்தான் பண்ணியிருப்பாகன்னு அழுவுறா. சமையக்கட்டுல போய் அவளுக்கு ஒரு டீ போட்டுக் குடுத்தேன்.

— நீங்க டீ போட்டீங்களா? இந்த வீட்ல அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே உங்களுக்குத் தெரியாதே!

— சர்க்கரைக்குப் பதிலா உப்பு போட்டுட்டேன். குடிச்சிட்டு சிரிச்சா பாவம். அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்தேன் சுபா. கனகம் போனதுக்கப்புறம் அன்னிக்குத்தான் நான் தூங்கினேன். நீ எதுக்கு இப்போ கண்ணத் தொடைக்கற? அதுக்கப்புறம் கூரியர் ஆபீசுக்குப் போக மனசு வரல. கொக்கியப் பாக்காம தூளிய எப்படி அனுப்பறது? அதான் சொல்றேன், ஷிப்பிங்க தனியாப் போட்டா, வாங்கறவ எந்தக் கூரியர் சல்லிசுன்னு பாப்பா. எவனோ வாசல்ல போட்டுட்டுப் போவான். விலைக்குள்ளயே இருந்தா எப்படி அனுப்பறதுன்னு நம்ம கையில இருக்கும். சுதர்சன்கிட்ட நீயே எடுத்துச் சொல்லும்மா. என்னை உக்கார வச்சுடாதீங்க.

— சொல்லியாச்சு மாமா.

— எப்போ?

— நேத்தே. இதையெல்லாம் அவருக்குப் படிச்சுக் காட்டினேன். மொதல்ல குதிச்சாரு. தலை சுத்தற மனுஷன் பஸ் பஸ்ஸா அலையறாரான்னு. அந்தத் தொங்கின எடம் வந்ததும் சிரிச்சாரு. நஸ்ரின் எழுதினதப் படிச்சேன். ‘அந்தப் பெரியவருக்கு எங்க சலாம். அவர் கால் எங்க வீட்டுல பட்டதுக்கு அல்லாவுக்கு நன்றி’ன்னு எழுதியிருக்கா. அதோட எந்திரிச்சு பால்கனிக்குப் போயிட்டாரு. ரொம்ப நேரம் உள்ளயே வரல.

— அழுதானா?

— உங்க புள்ளைல்ல, தூசி விழுந்துருச்சாம். வந்து சொன்னாரு. ஷிப்பிங்க விலைக்குள்ளயே போடு, கொக்கி மாட்டித் தர்றதும் சேத்துன்னு போடு, அப்பா ஆட்டோவுல போகட்டும், கொக்கியில தொங்கறது மட்டும் வேணாம்னு.

— தொங்காம எப்படிம்மா...

— மணல் மூட்டை வாங்கிட்டு வர்றேன்னுட்டுத்தான் கெளம்பினாரு. காய்க்குப் போகல.

— அடிப்பாவி! அப்போ இவ்ளோ நேரம் ஷிப்பிங் தனியா, ஷிப்பிங் தனியான்னு என்னை வறுத்தது?

— நீங்களே உங்க வாயால சொல்லுவீங்கன்னு பாத்தேன். சும்மா சொல்லக்கூடாது, வாதாடுனீங்களே! அந்த சாம்பாரு ஒண்ணு போதும்.

— புனேலேர்ந்து ஒருத்தி ரெண்டு தூளி கேட்டாளே, அவளுக்கு முடியாதுன்னியே, அதுவும் எனக்காகத்தானா?

— புனேவுக்கு பஸ் ஏறிப் போய் கொக்கி மாட்டுவீங்களா? நம்ம ஊருக்குள்ள மட்டும்னு ஆரம்பத்துலயே போட்டுட்டேன். நெஜமாச் சொல்றேன் மாமா. வேலைய விட்டுட்டு, கைக்கொழந்த சாஹித்யாவ இடுப்புல வச்சுட்டு, நான் எதுக்கும் லாயக்கில்லன்னு உக்காந்திருந்தவ நான். இந்த யாவாரம் நெலைச்சு நின்னது என் தையலால இல்ல. உங்களாலதான். எத்தனை ஜென்மம் எடுத்தாலும் உங்களுக்கு நான் கடன்பட்டவ.

— போடி பைத்தியம். பெரிய பேச்செல்லாம் பேசாத.

— ஒரே ஒரு வருத்தம்தான். என்கிட்டகூட ஏன் மாமா மறைச்சீங்க? முதல் தூளி போன அன்னிக்கு ராத்திரியே நஸ்ரின் எழுதிட்டா. எனக்குத் தெரியும்னு தெரியாம, தெனமும் கூரியர் ஆபீஸ்ல கூட்டம்னு வந்து சொல்லிட்டிருந்தீங்களே?

— உன்கிட்ட எங்கம்மா மறைச்சேன்? சுதர்சன் காதுக்குப் போகக்கூடாதுன்னுதான் சொல்லிட்டிருந்தேன். ரெண்டாவது தூளிய எடுத்துட்டுக் கெளம்பறேன், பையில தயிர்சாத டப்பாவும் தண்ணி பாட்டிலும் வச்சே. தெருமுனை கூரியர் ஆபீசுக்குப் போய்ட்டு வர்றவனுக்கு யாராவது மத்தியான சோறு கட்டிக் குடுப்பாங்களா? கூகட்பள்ளி பஸ் ஸ்டாப்புல அதைத் தெறந்தப்பவே, உனக்கு எல்லாம் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சும்மா.