பதினொன்னே காலுக்கு எங்க போறே?

— செல்போனைக் குடு, செல்லத்தாயி.

— என்னத்துக்குக்கா? லைன் ஓடிட்டு இருக்கு.

— ஓடட்டும். தெனமும் பதினொன்னே காலுக்கு மெசின வுட்டு எந்திரிக்கறே. பாத்ரூமுக்குள்ள போனா இருவது நிமிசம். உனக்குப் பின்னால தைக்கற நதியா துணி வராம கை கட்டீட்டு உக்காந்திருக்கறா. யாருகூடப் பேசறே?

— யாருகூடயும் பேசல, மைதிலியக்கா. வயித்துக்குச் சரியில்ல.

— மணியடிச்சாப்புலயா? போன மாசம் பக்கத்துக் கம்பெனிக்காரன் இப்படித்தான் போன்லயே பேசி ஆறு டெய்லரக் கூட்டீட்டுப் போனான். ஒரு லைனே படுத்துருச்சு. மேனேசரு உம்பேர எழுதிக் குடுங்கறாரு. உனக்கு வேலை இருக்கறதும் போறதும் இப்ப நீ சொல்றதுலதான் இருக்குது.

— இந்தாங்க. எங்கம்மாவுக்குப் பேசுனது மட்டுந்தான் இருக்கும்.

— அழிச்சிருப்பே.

— அதெல்லாம் தெரிஞ்சா நான் ஏன் ஓவர்லாக் மெசின் ஓட்டுதேன்? ஆபீஸ்ல இருந்திருப்பேன்லா.

— வாய்க்கு மட்டும் கொறச்சலில்ல. ஞாயித்துக்கெழம ஓவர்டைமுக்கு நான் வரல. அன்னைக்கு நீ எந்திரிக்கவே இல்லைன்னு நதியா சொன்னா. நான் இல்லீன்னா வயிறு நல்லாயிருமாக்கும்?

— ஆமாக்கா. நல்லாத்தான் இருக்கு.

— என்ன சொல்றே? நானென்ன சூனியமா வெச்சேன்?

— சூனியம் இல்லக்கா. பாலு.

— பாலா?

— ஆடி மாசம் நான் மயங்கி விழுந்ததுலருந்து, பத்தர மணி டீ டயத்துல வீட்டுப் பாலு ஒரு டம்ளர் தாரீயள்லா. குடிச்ச முக்கா மணி நேரத்துல வயிறு ஊதி, கடாமுடான்னு கத்தி, பெறவு ஓட்டந்தான்.

— எங்கூட்டு மாட்டுப் பால்ல என்ன கலந்தேங்கறே?

— பாலு நல்ல பாலுதான். எங்குடலுதான் அப்படி. டாக்டரம்மா போன வாரம் சொன்னாவ. பாலுக்குள்ளயே ஒரு சக்கர இருக்காம். அதச் செமிக்க வைக்கிற சாறு சின்னப் பிள்ளையில நல்லா ஊறுமாம். வளர வளர நெறையப் பேருக்குக் கொறஞ்சிருமாம். செமிக்காத சக்கர பெருங்குடலுக்குப் போயி மாவு மாதிரி பொங்குதாம். அதான் வாயு, வலி, பேதி எல்லாம். டீயில ஊத்துற சொட்டுப் பாலு ஒண்ணுஞ் செய்யல, மோரும் ஒத்துக்கிடுது. முழு டம்ளர்தான் ஆகல. ஊர்ல கடுங்காப்பிதான் குடிச்சோம், அதான் இத்தன நாளாத் தெரியல.

— அப்பறம் என்ன கெரகத்துக்குக் குடிச்சே? வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?

— இந்த ஊருக்கு வந்து மூணு வருசம் ஆச்சு. சாப்பிட்டியான்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான்க்கா. வேண்டாம்னா, உங்க வீட்டுப் பால எளக்காரமா நெனைக்கேன்னு நெனச்சிருவீயளோன்னு பயம்.

— அடக் கெரகமே.

— ஏங்க்கா உக்காந்துட்டீய? எம்பேர எழுதவா போறீய?

— இல்ல கண்ணு. அந்தச் சாறு பத்து வயசுலயே கொறஞ்சு போகுமா?

— அஞ்சு வயசுக்கு மேலயே செலருக்குக் கொறைய ஆரம்பிக்குமாம். யாருக்குக்கா?

— என்ற மகளுக்கு. தெனம் காத்தால பாலக் குடிச்சுப்போட்டு, இஸ்கூலுக்குப் போற நேரத்துல வயித்த வலின்னு சுருண்டுக்குவா. டிமிக்கி குடுக்கறான்னு நெனச்சு, அடிச்சு இன்னொரு டம்ளர் குடிக்க வெச்சுத்தான் பஸ் ஏத்துவேன். இன்னைக்கும் ஏத்தீட்டுத்தான் வந்தேன்.