ஓட்டம் திரும்பிய நேரம்

"ஹலோ… ரோண்டா? வச்சிராத. நான்தான்… ஆமா, நெவில்… தெரியும். தெரியும். நாலு தடவ அடிச்சேன், நாலு தடவயும் வெட்டிட்ட. உன் எடத்துல நான் இருந்தாலும் வெட்டியிருப்பேன்… இல்ல, சண்டைக்கு வரல. திங்கக்கிழமை பதினோரு மணிக்கு அடக்கம். அத சொல்லத்தான்… ஆமா, பாதிரியார்கிட்ட பேசியாச்சு… ம்… ஆமா, பழைய சர்ச்லதான்."

நெவில் சமையலறையில் நின்றுகொண்டே பேசினார். வியாழக்கிழமை காலை, பத்து மணி. அவருடைய மனைவி வால்டா போர்ட் பிரி ஆஸ்பத்திரியில் கண்மூடி இரண்டு நாள் ஆகிறது. ரோண்டா அவளுடைய ஒரே தங்கை, கடல் தாண்டி டாஸ்மேனியாவில், பர்னியில் இருப்பவள். செவ்வாய்க்கிழமை நிலைமை கைமீறியபோது நர்ஸ் முதலில் நெவிலைத்தான் கூப்பிட்டாள். மூன்று முறை கூப்பிட்டும் அவர் எடுக்கவில்லை. காகிதத்தில் அடுத்ததாக எழுதியிருந்தது ரோண்டாவின் எண். நர்ஸ் ஃபோனை வால்டாவின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். கட்டிய புருஷன் எட்டு நிமிடத் தொலைவில் இருக்க, அவள் கடைசியாகக் கேட்டது கடலுக்கு அப்பாலிருந்து வந்த தங்கையின் குரலை.

"என்ன?… எங்க இருந்தேன்னா?… அதான் எல்லார்கிட்டயும் சொன்னேனே, டீ குடிக்க… இல்ல. இல்ல ரோண்டா. அது ஊருக்குச் சொன்னது. உன்கிட்ட அத சொல்ல மாட்டேன்… கிளப்ல இருந்தேன்… ஆமா. காசு போட்டு ஆடுற அந்த சூதாட்ட மெஷின் முன்னாடி… இரு. இரு, பாதியில வெட்டாத. முழுசா கேட்டுட்டுத் திட்டு."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அது போதும் என்று இருந்தது அவருக்கு.

"பிப்ரவரில ஆரம்பிச்சது. டாக்டர் அந்த வார்த்தைய சொன்ன அன்னிக்கு. அவள ஸ்கேன் எடுக்க உள்ள கூட்டிட்டுப் போனாங்க. மூணு மணி நேரம் ஆகும், நீங்க வெளிய போயிட்டு வாங்கன்னாங்க. எங்க போறது? கிளப்புக்குப் போனேன். பாக்கெட்ல இருபது டாலர் இருந்துச்சு. போட்டேன். அறுநூத்தி நாப்பது விழுந்துச்சு… ம்… திரும்பி வந்தா, வேற எங்கயும் பரவலன்னு டாக்டர் சொல்றாரு. அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை. மறுபடி போனேன், மறுபடி விழுந்துச்சு. ரத்தம் தேவலன்னாங்க. அதுக்கடுத்த வாரமும் அப்படியே. மூணு தடவ, ரோண்டா. மூணு தடவ அப்படி நடந்தா ஒரு மனுசன் என்ன நினைப்பான்?"

அதற்கு முன்னால் நெவில் சூதாடியவர் அல்ல. ஈய உருக்காலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். வருடத்துக்கு ஒரு முறை, நாடே குதிரைமேல் பணம் கட்டும் அந்த நவம்பர் செவ்வாயில் ஐந்து டாலர் கட்டுவார், தோற்றுவிட்டுச் சிரிப்பார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் பிப்ரவரியில் நடந்தது. ஆனால் மூன்று பழம் வரிசையாக மடியில் விழுந்தவனிடம் அதைச் சொல்லிப் புரியவைப்பது யார்? வால்டாவின் உயிரும் அந்த மெஷினும் ஒரே கயிற்றில் கட்டியிருப்பதாக அவர் முடிவுசெய்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கயிறு அறுந்துவிடும் என்ற பயம்.

"ஜூன்ல அந்த அதிர்ஷ்ட ஓட்டம் திரும்பிடுச்சு… ஆமா, அவளுக்கு மறுபடி காய்ச்சல் வந்துச்சே, அப்பதான். விழவே இல்ல. நாள் கணக்கா, வாரக் கணக்கா விழல… காசா? காசும் போச்சு. படகு வித்தது அதுக்குத்தான். அவகிட்ட மோட்டார் பழுதுன்னு சொன்னேன்… ஆனா காசுக்காக ஒக்காரல ரோண்டா. நம்புனா நம்பு, நம்பாட்டி போ. அந்தக் கெட்ட ஓட்டத்த நான் ஒடைக்கலன்னா அவ போயிடுவான்னு ஒக்காந்தேன். பத்து தடவ தோத்தா பதினொண்ணாவது வந்துதான ஆகணும்? இருபது தோத்தா இன்னும் கிட்ட வந்துடுச்சுன்னுதான அர்த்தம்? அப்படித்தான் நினைச்சேன். நடுவுல எந்திரிச்சா வேற எவனாவது என் எடத்துல ஒக்காந்து, அவளுக்கு வர வேண்டியத எடுத்துட்டுப் போயிடுவான்னு… ஆமா. கேக்கும்போது எனக்கே பைத்தியக்காரன் பேச்சு மாதிரிதான் இருக்கு."

அவர் நாற்காலியை இழுத்தார், உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாத்தேன்… ஆமா, ஃபோன் வந்தத பாத்தேன். தெரியாம விடல. பத்து நாப்பதுக்கு முதல் தடவ. ஆஸ்பத்திரி நம்பர். பாத்துட்டுக் கவுத்து வச்சேன்… ஏன்னா, தோத்துட்டு இருக்கும்போது எடுத்தா கெட்ட சேதிதான் வரும். ஒரு தடவ விழட்டும், அப்புறம் எடுத்தா நல்ல சேதியா மாறிடும்… அப்படித்தான்… ஆமா… ஆமா… சரி… கோழதான். சரி… சொல்லு, இன்னும் சொல்லு… ஆமா."

ரோண்டா வெகுநேரம் பேசினாள். அவர் குறுக்கே பேசவில்லை. அவள் குரல் உடைந்து நின்ற பிறகுதான் மறுபடி வாய் திறந்தார்.

"விழுந்துச்சு ரோண்டா. அதத்தான் சொல்ல வந்தேன். நாலாயிரத்து முன்னூறு. வெளக்கெல்லாம் சுத்துது, பாட்டு போடுது. நான் சிரிச்சேன். வாய்விட்டுச் சிரிச்சேன். பக்கத்து மெஷின் கிழவி முதுகுல தட்டிக் கொடுத்தா. காசக்கூட எடுக்கல, காருக்கு ஓடினேன். ரெண்டு செவப்பு வெளக்குல நிக்காம போனேன். பொழச்சுட்டா, பொழச்சுட்டான்னு கத்திக்கிட்டே ஓட்டினேன். ஆஸ்பத்திரி கடையில பூ வாங்கினேன்… ஆமா, பூ. கார்னேஷன். மேல போனா மரிவிக், அந்த நர்ஸ், கதவுகிட்ட நிக்கிறா. என் கையில பூவ பாத்தா. யாரோ ஏற்கனவே என்கிட்ட சொல்லிட்டாங்க போலன்னு நினைச்சுட்டா. வந்து தோளத் தொட்டு, அமைதியா போனாங்கன்னு… எனக்கு என்ன சொல்றான்னே புரியல. யாரு, எங்க போனாங்கன்னு கேட்டேன்."

வாசலில் தபால்காரரின் வண்டி வந்து நின்று போனது. நெவில் அது போகும்வரை காத்திருந்தார்.

"நேத்து கிளப்புக்குப் போனேன்… ஆட இல்ல. கோரன் தெரியும்ல, அந்த செர்பியாக்காரன், மெஷின் பழுது பாக்குறவன். எனக்கு விழுந்த நேரத்த அவன்கிட்ட பாக்கச் சொன்னேன். உள்ள பதிவாகுமாம். பதினொன்னு பதினாலு… ஆமா. வால்டா போனது பதினொன்னு பத்து. நாலு நிமிஷம். ஏதாவது இருக்கா இதுல, சொல்லுடான்னேன். அவன் பாக்கெட்ல இருந்து ஒரு காச எடுத்து, சுண்டுன்னான். அந்தக் கார்ப்பெட்ல ரெண்டு கிழட்டுப் பசங்க குந்திக்கிட்டு சுண்டினோம். ஒரு எடத்துல தொடர்ந்து ஆறு தல விழுந்துச்சு. அடுத்தது என்னன்னான். இனிமே பூதான், பூதான வரணும்னேன். தல விழுந்துச்சு. 'காசுக்கு ஞாபகம் கெடையாது, நெவில்'ன்னான். 'அதுக்கு நீ யாருன்னு தெரியாது, முன்னாடி என்ன விழுந்துச்சுன்னும் தெரியாது. ஓட்டம்னு சொல்றமே, அது திரும்பிப் பாக்கறவன் கண்ணுல மட்டும்தான் இருக்கு'ன்னான்… ம்… எனக்குக் கோவம் வந்துச்சு. அவன அடிக்கணும் போல இருந்துச்சு. அப்புறம் பாரு, அங்கேயே ஒக்காந்து அழுதுட்டேன். ஜெயிச்சதுக்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்ல. தோத்ததுக்கும் இல்ல. பிப்ரவரிலயும் இல்ல. அப்ப நான் இவ்வளவு நாள் அங்க யாருக்காக ஒக்காந்திருந்தேன்?"

நெவில் சுவரில் நெற்றியை வைத்தார்.

"ரோண்டா… ஒண்ணு கேக்கணும். கேக்க எனக்கு யோக்கியத இல்ல. அவ என்ன சொன்னா?… கடைசில… இல்ல, எதுவா இருந்தாலும் சொல்லு."

அவள் சொன்னாள். அவர் கேட்டார்.

"தெரியுமா?… நான் ஆடுறது அவளுக்குத் தெரியுமா?… எப்ப இருந்து?… படகு வித்தப்பவே… கடவுளே… இனிமே என்னைக் கூப்பிட வேணாம்னா சொன்னா?… என்ன?… திரும்பச் சொல்லு… 'ஜெயிச்ச அன்னிக்கு என் மூஞ்சியப் பாத்துப் பேசுவார். தோத்த அன்னிக்கு ஜன்னலத்தான் பாப்பார். நான் ஏற்கனவே போயிட்ட மாதிரி'… அப்படியேவா சொன்னா?… ம்… ம். பொய் இல்ல. ஜன்னலத்தான் பாத்தேன். தோத்துட்டு வந்து அவளப் பாக்க பயமா இருந்துச்சு. ஜூன்ல இருந்து… ஆமா. நான் அவளப் பாக்கவே இல்ல, ரோண்டா. நாலு மாசம் பக்கத்துல ஒக்காந்து பாக்கவே இல்ல."

இப்போது அழுதது யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

"…வர்றியா?… ஞாயித்துக்கிழமை. சரி. நான் அடிலெய்டு ஏர்போர்ட்டுக்கு காரோட வந்து… வேணாமா. சரி, பஸ்ல வா… மோட்டல்ல தங்குறியா. சரி. புரியுது. இல்ல, தப்பா எடுத்துக்கல… என்ன?… துணியா? ஆமா, அவளுக்குப் போட்டுவிட அடக்கம் பண்றவங்க இன்னிக்குள்ள கொண்டுவரச் சொன்னாங்க. நான் இன்னும் அலமாரியத் தெறக்கல… சரி, போறேன். இரு."

ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனார். அலமாரியைத் திறந்ததும் அவள் வாசம் முகத்தில் வந்து மோதியது.

"இருக்கேன்… பாக்குறேன். பச்சைல ஒண்ணு இருக்கு… வேணாமா. பழுப்பு… அது அவளுக்கே பிடிக்காதா? எனக்குத் தெரியாதே… நீலம். நீலத்துல சின்னச் சின்னப் புள்ளி. முழுக் கை… ஆமா, ஊசி குத்தின எடமெல்லாம் மறைஞ்சுடும். நான் அத யோசிக்கவே இல்ல… இது நீ வாங்கிக் கொடுத்ததா? சரி. இதையே போடச் சொல்றேன்… கசங்கியிருக்கு. இல்ல, கடைல வேணாம், நானே தேய்க்கிறேன்… எவ்வளவு சூடு வைக்கணும்?… நடுவுல. சரி. உள்பக்கமாத் திருப்பிப் போட்டு… சரி… ரோண்டா, நான் தேய்ச்சு முடிக்கிற வரைக்கும் லைன்ல இருக்கியா? பேச வேணாம். சும்மா இரு, போதும்… ரோண்டா?… ரோண்டா?"

இணைப்பு அறுந்திருந்தது. அவள் வெட்டினாளோ, தானாக அறுந்ததோ, அவருக்குத் தெரியவில்லை. திரும்ப அடித்துப் பார்க்கவும் இல்லை. இஸ்திரிப் பெட்டி சூடேறட்டும் என்று நின்றார். பிறகு சட்டையை உள்பக்கமாகத் திருப்பிப் பலகையில் விரித்து, அதன் வலது கைப்பகுதியிலிருந்து தேய்க்கத் தொடங்கினார்.